உச்சியில் நிறுத்தக் கூடாது

மஞ்சுமட்டத்தில் குளிர்கால வெயில் ஒரே ஒரு தெருவுக்குத்தான் போதும். எந்தத் தெருவுக்கு என்பதை மார்கழியில் நடக்கும் ரிமோட் கார் பந்தயம் முடிவு செய்யும். மூன்று ஆண்டுகளாக வெயில் டெப்போ தெருவில்தான் அடித்தது. சர்ச் தெருக்காரர்கள் ஈரத் துணியையே உடுத்திக்கொண்டார்கள்.

இந்த ஆண்டு சர்ச் தெரு தன் காருக்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு புது நைட்ரோ எஞ்சின் வாங்கி, அதை மெல்ல ஓட்டிப் பழக்கும் பொறுப்பை ஜெசிந்தாவிடம் ஒப்படைத்தது. அவள் இயற்பியலில் முதுகலை, வாயும் உண்டு.

குளிரில் புது எஞ்சினை அப்படியே கிளப்பினால் பிஸ்டன் தேய்ந்துவிடும். முதலில் சூடேற்ற வேண்டும். அதற்கு வீட்டில் யாருடைய காய்ச்சலையாவது கொடுப்பது ஊர் வழக்கம். ஜெசிந்தாவின் நாத்தனார் ஃபுளோரா தீபாவளி முதலே ஒரு காய்ச்சலைச் சேமித்து வைத்திருந்தாள். கம்பளிக் காலுறை போர்த்திய எஞ்சினை அக்குளில் இடுக்கிக்கொண்டு படுத்தாள்.

"எடுத்துக்குங்க அண்ணி. ஆனா முழுசா திரும்பி வரணும். ஆபீஸ்ல லீவு சொல்லியிருக்கேன். அப்புறம், நிறுத்துனதும் பிஸ்டனைக் கீழ இறக்கிடுங்க. உச்சியில நின்னா, ஆறும்போது சிலிண்டர் சுருங்கிக் கவ்விக்கும்."

"எம்.எஸ்சி. படிச்சவளுக்கு டியூஷன் எடுக்காதே."

சனிக்கிழமை முழுவதும் முற்றத்தில் எஞ்சின் எண்ணெய்ப் புகை கக்கியபடி மெல்ல ஓடியது. ஓட்டுவாள், நிறுத்துவாள், பிஸ்டனை இறக்குவாள், ஆறவிடுவாள். மாலையில் கடைசி முறையாக நிறுத்தியபோது, டெப்போ தெரு தனிஸ்லாஸ் மதில்மேல் தலை நீட்டினான்.

"அக்கா, இது காரா, கொசு மருந்து வண்டியா?"

"மூணு வருஷமா உங்க தெருவுல வெயில் அடிக்குது. அப்பவும் உன் புத்தி காயலையேடா!"

அவன் ஒன்று சொல்ல, அவள் ஒன்பது சொன்னாள். வென்ற திருப்தியோடு உள்ளே போனாள். பிஸ்டன் உச்சியிலேயே நின்றது.

பந்தய நாளான ஞாயிறு காலை எஞ்சின் அசையவில்லை. காய்ச்சல் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது. ஃபுளோராவின் புருவத்தில் உறைபனி பூத்திருந்தது. கையிலிருந்த காப்பி கட்டியாகிவிட்டது. தெருவில் வேறு யாருக்கும் காய்ச்சல் இல்லை.

"பிஸ்டனை இறக்கலையா அண்ணி? எம்.எஸ்சி.யில அந்தப் பாடம் கிடையாதோ?"

ஜெசிந்தாவின் காது கொதித்தது. அவள் எஞ்சினை எடுத்துக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டாள். உள்ளே ஏதோ நெகிழ்ந்தது.

"இன்னும் ரெண்டு வார்த்தை சொல்லட்டுமா?"

"சொல்லு," என்றாள் ஜெசிந்தா, எஞ்சினை மறு காதுக்கு மாற்றியபடி.

ஃபுளோரா அண்ணியின் கல்யாண நாளிலிருந்து தொடங்கினாள். நாத்தனார் வஞ்சனை வைக்கவில்லை. மாமியாரின் மீன் குழம்பு பற்றிய பேச்சு வந்தபோது பிஸ்டன் 'டக்' என்று விடுபட்டது.

சர்ச் தெரு ஒரு சக்கர அகலத்தில் வென்றது. காய்ச்சல் ஃபுளோராவிடம் முழுசாகத் திரும்பியது.

திங்களன்று விடிந்ததும் வெயில் சர்ச் தெருவுக்கு வந்தது. பெண்கள் மூன்று ஆண்டு ஈரத்தில் ஊறிய போர்வைகளோடு ஓடிவந்தார்கள். ஜெசிந்தா வழிமறித்தாள்.

"புது வெயில். எடுத்த எடுப்பிலே போர்வையைப் போடாதீங்க. இன்னைக்கு வெறும் கைக்குட்டைதான்."

கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்து வெயிலுக்குப் போர்த்தினாள். வெயில் கொஞ்சம் புகைந்தபடி மெல்ல ஏறியது. நண்பகலில் அதை நிறுத்தினாள். இந்த முறை மறக்கவில்லை. உச்சியில் நின்றதைக் கையாலேயே கீழே இறக்கிவிட்டு, ஆறட்டும் என்று சாப்பிடப் போனாள்.