நாற்பத்தேழாம் பக்கம்

குவாரிக்காரன் சும்மா ஒன்றைக் கொடுத்தால் அதை மூன்று தடவை திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது அவன் கட்சி. பதினாறு வருஷமாகப் பாறையில் டிரில் அடிக்கிறவன். காலில் கல் விழுந்தபோது கட்டுப்போட்ட துணிக்குக்கூடச் சம்பளத்தில் பிடித்தவர்கள், இப்போது தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள் அறுபது பேருக்கும் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். வழுவழுத் தாள், கலர் படம், அட்டை நிறையப் பெரிய கேள்விக்குறி. கொடுக்கும்போது போட்டோ வேறு எடுத்தார்கள்.

"எதுக்குக் குடுத்தானுங்க?" என்று அன்றைக்கே மனைவியிடம் கேட்டான்.

"பிள்ளைங்க படிக்கத்தான். எல்லாத்துக்கும் சந்தேகமா?" என்றாள் அவள். குவாரி ஆபீஸைப் பெருக்கித் துடைப்பது அவள் வேலை.

மகளுக்குப் பத்து வயது. லைனில் அவளுக்குக் கேள்விமூட்டை என்று பேர். புத்தகம் வந்த பிறகு மூட்டை அவிழ்ந்துவிட்டது.

"அப்பா, ஒட்டகச்சிவிங்கிக்கும் நமக்கும் கழுத்துல ஏழே ஏழு எலும்புதான்."

"எனக்கு ஏழும் வலிக்குது. தள்ளு."

"ஆக்டோபஸுக்கு மூணு இதயம்ப்பா."

"ஒண்ண வெச்சுக்கிட்டே இங்க பெரும்பாடா இருக்கு."

குவாரிக்கு அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது அவள் டிரில் மிஷினையும் விடவில்லை. "இந்தப் பக்கம் ஒரு ஓட்டை இருக்கே, மரக்கட்டை வெச்சு அடைச்சிருக்கீங்க. எதுக்குப்பா அது?"

"நான் வந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு," என்றான். அதற்குமேல் அவனுக்கும் தெரியாது.

ஒரு சாயங்காலம், அம்மா வேலையிலிருந்து வருமுன், மகள் புத்தகத்தை அவன் மடியில் வைத்தாள். "நாப்பத்தாறுக்கு அப்புறம் நாப்பத்தொன்பது வருதுப்பா."

"கிழிச்சு ராக்கெட் விட்டியா?"

"நான் கிழிக்கல."

அவன் நம்பவில்லை. காதைத் திருகக் கை நீட்டியவன், தாளின் அடியைப் பார்த்து நிறுத்தினான். கிழித்த பிசிறு இல்லை. நூல் பிடித்தாற்போல ஒரே நேர்க்கோடு. பிளேடு.

புத்தகத்தோடு பக்கத்து வீட்டு லாரி டிரைவரிடம் போனான். டிரைவர் மகளின் புத்தகத்திலும் அதே இடத்தில் தாள் இல்லை. அடுத்த வீட்டிலும் இல்லை.

"அச்சுல விட்டிருப்பான் மாப்ள," என்றார் டிரைவர். "இதுக்குப் போயி போலீஸ்காரன் மாதிரி வீடு வீடா வர்றியே."

"அச்சுல விட்டா ஓரம் மட்டும் எப்படி ஒட்டிக்கிட்டு நிக்கும்?"

டிரைவர் தாளின் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்தார்.

வீட்டுக்குத் திரும்பியதும் மகள் புத்தகத்தின் முதல் பக்கங்களைப் புரட்டினாள். "உள்ள என்னென்ன இருக்குன்னு இங்க வரிசையா போட்டிருக்கும்ப்பா. இதை வெட்ட மறந்துட்டாங்க." விரலை வைத்துப் படித்தாள்: "நாப்பத்தேழு. தூசி உடம்புக்குள் போனால் என்ன ஆகும்?"

அவனுக்கு இருமல் வந்தது. இரண்டு வருஷமாக வருகிற இருமல். சளி என்று சொல்லி கம்பெனி டாக்டர் இனிப்பு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

இருமி முடித்து நிமிர்ந்தபோது, அடுப்பில் கிண்டிக்கொண்டிருந்த மனைவியின் கரண்டி நின்றிருந்தது. அவள் கண் ஒரே ஒரு தடவை மேல் அலமாரிக்குப் போய்வந்தது. அவன் எழுந்து டப்பாக்களை இறக்கினான். அடியில் புதிதாக வழுவழுத் தாள் விரித்திருந்தது. உருவினான். நெஞ்சுக்கூட்டுக்குள் இரண்டு பலூன் வைத்தாற்போல ஒரு படம். மூலையில் 47.

"நீயா?"

"சூப்பர்வைசர்தான் வெட்டச் சொன்னாரு. அச்சுல தப்பா விழுந்திருக்கு, பிள்ளைங்க தப்பா படிச்சிடும்னாரு. அறுபதையும் உக்காந்து வெட்டுனேன். அடுப்புல போடச் சொன்னாரு, நல்ல தாளாச்சேன்னு எடுத்து வந்தேன்." அவள் குரல் இறங்கியது. "எனக்கு எழுத்தா தெரியும்?"

"இப்பத்தான் சந்தேகம் வந்துச்சா?"

"அவ தூசின்னு படிச்சப்ப வந்துச்சு."

மகள் தாளை வாங்கிப் படித்தாள். கல் தூசி மூச்சில் போனால் நெஞ்சுக்குள்ளேயே தங்கிவிடும், எவ்வளவு இருமினாலும் முழுசாக வெளியே வராது, நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும் என்றிருந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. பின்பக்கம் டிரில் அடிக்கும் ஆளின் படம். அந்த ஆளின் மிஷினில் பக்கவாட்டில் ஒரு குழாய் செருகியிருந்தது.

"பாறையைத் துளைக்கும்போது கூடவே தண்ணீர் விட்டால் தூசி பறக்காது. அதற்கென்றே மிஷினில் ஒரு வழி உண்டு." படித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள். "அப்பா, அந்த ஓட்டை."

பதினாறு வருஷம் அவன் அந்தக் கட்டையின்மேல் கைவைத்துத்தான் மிஷினைத் தூக்கியிருக்கிறான்.

"வேலை போயிடுங்க," என்றாள் மனைவி. "ரெண்டு பேருக்கும் போயிடும்."

"மிச்சத் தாள் எங்க?"

அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து கட்டாக எடுத்து மகளின் பையில் வைத்தாள். "வீட்டுக்கு ஒண்ணு குடு. யார் குடுத்தாங்கன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லு."

நாலாம் நாள், புத்தகங்களையெல்லாம் திருப்பித் தரும்படி லைனில் சொல்லிவிட்டார்கள், புதுசு வருமாம். பாதி வீடுகளில் பிள்ளைகள் தொலைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அன்று காலை அவள் ஆபீஸைப் பெருக்கப் போனபோது சூப்பர்வைசர் கதவருகிலேயே நின்றிருந்தார்.

"அன்னைக்கு வெட்டுன தாளையெல்லாம் என்ன பண்ணின?"

"அடுப்புல போட்டேன் சார். நீங்கதான சொன்னீங்க."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"யார்கிட்டயாவது படிக்கக் குடுத்தியா?"

"எரிக்கிற தாளை யார் சார் படிப்பாங்க?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். அவள் துடைப்பத்தின் அடியைத் தரையில் தட்டிச் சரிசெய்தாள்.

"உன் வீட்டுக்காரன் தண்ணி டேங்கர் வராம மிஷினைத் தொடமாட்டேன்னு உக்காந்திருக்கானாம். கூட ஏழு பேர். திடீர்னு எதுக்குத் தண்ணி?"

"தாகமா இருக்கும் சார்."

சொல்லிவிட்டுப் பெருக்கத் தொடங்கினாள். ஜன்னல் வெயிலில் தூசி எழுந்தது. அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்.

"எத்தனை தடவை சொல்றது? தண்ணி தெளிச்சுட்டுப் பெருக்கு."

"சரிங்க சார்," என்று அவள் வாளியை எடுக்கப் போனாள்.