கொடியில் இரண்டு துணிகள்

1

இந்தக் கதையை நான் எழுத வேண்டிய தேவையே இல்லை. அப்பாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அது முடியாததால் பெங்களூரில் இருக்கும் தம்பி அறிவுச்செல்வனுக்குப் போன் செய்தேன்.

"நான் எப்படிக்கா சொல்றது? அப்பாவக் கூப்பிட்டு ஜட்டியப் பத்தியா பேசச் சொல்ற?"

"நீ ஆம்பளப் புள்ளதானடா?"

"அதனாலதான் முடியாதுங்கிறேன். நீதான் கதையெல்லாம் எழுதுறியே. கதையா எழுதி அவர் கையில குடுத்துரு. போன வைக்கிறேன், மீட்டிங் இருக்கு."

கிண்டலாகத்தான் சொன்னான். மீட்டிங் என்பதும் பொய். ஞாயிற்றுக்கிழமை.

ஆனால் நான் எழுதுகிற எதையும் முதலில் படிப்பவர் அப்பாதான். பென்சிலோடு உட்கார்ந்து ஒற்றுப்பிழை பார்ப்பார். ஆகவே தம்பி தெரியாமலேயே ஒரு வழியைக் காட்டிவிட்டான். சொல்ல வேண்டிய வாக்கியம் இது:

பேட் வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்கு உள்ளே ஜட்டி போடக் கூடாது.

உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை. உங்களை எனக்குத் தெரியாது.

2

அப்பாவின் பெயர் செல்லதுரை. பொதுப்பணித் துறையில் லஸ்கராக* இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீடு குத்தாலத்துக்குப் பக்கத்தில். தாத்தா அடுத்தவர் வயலில் நாற்று முடி சுமந்தவர். அந்த வயல்களுக்குப் போகும் தண்ணீரைத் திறந்துவிடும் சாவி அப்பாவின் இடுப்பில் முப்பத்துநான்கு வருடம் தொங்கியது. எனக்கு எழில்மொழி என்று பெயர் வைத்தார். அந்த மொழியில்தான் எனக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

(* லஸ்கர்: வாய்க்கால் மதகின் பலகையை ஏற்றி இறக்கி, கரை எங்கேயாவது கசிகிறதா என்று சைக்கிளில் பார்த்துக்கொண்டே போகிறவர். மொழிபெயர்ப்பு நாவல்களில் இப்படி ஓர் அடிக்குறிப்பு வந்தால்தான் எனக்கு அந்த ஊர் நிஜமாக இருக்கிறது என்று நம்பிக்கை வரும். எங்கள் ஊருக்கும் ஒன்று இருக்கட்டுமே.)

ஓய்வு பெற்ற மறுவருடம் சர்க்கரை வந்தது. தினமும் சைக்கிள் மிதிக்கச் சொன்னார் டாக்டர். தம்பி ஒரு கியர் சைக்கிள் வாங்கி அனுப்பினான். பழைய சைக்கிளில் ஸ்பிரிங் வைத்த அகலத் தோல் சீட் இருந்தது. புதியதில் சீட் என்று பேருக்கு ஏதோ ஒன்று, வெண்டைக்காய் மாதிரி. அப்பா அதில்தான் தினமும் காவிரிக் கரையோடு தான் வேலை பார்த்த மதகு வரை போய்த் திரும்புவார். பன்னிரண்டு கிலோமீட்டர். மதகில் இப்போது வேறு ஆள். அப்பாவுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது. வெறுமனே பார்த்துவிட்டு வருவார்.

சித்திரையில் ஒருநாள் அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பதைப் பார்த்தேன். என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அன்றே ஆன்லைனில் அந்த ஷார்ட்ஸை வரவழைத்தேன்.

"இதென்னம்மா, மெத்தையக் கால்சட்டையா தச்சிருக்கான்?" என்று அழுத்திப் பார்த்தார். மறுநாள் மெத்தைக் கால்சட்டை போட்டு, மேலே கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்குச் சந்தோஷம்.

அப்பா சவாரித் துணியை யாரிடமும் துவைக்கக் கொடுக்க மாட்டார். வந்ததும் கொல்லை அடிபம்பில் தானே அலசி, பிழிந்து, கொடியில் போடுமுன் ஒவ்வொன்றையும் ஓங்கி ஓர் உதறு உதறுவார். தினமும் இரண்டு உதறல் கேட்கும். முதல் உதறல் கறுப்பு ஷார்ட்ஸ். இரண்டாவது, அதன் பக்கத்தில் தொங்கும் பழுப்பு ஜட்டி.

இரண்டு கேட்கிறதே, ஒன்றுதானே கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

3

முதலில் இந்தக் கதையை இப்படித் தொடங்கினேன்:

புல்வெளியில் பதினோராவது நாளாகக் குதிரைமேல் வந்துகொண்டிருந்த கிழத் தூதன்

நிறுத்திவிட்டேன். குதிரை எங்களூரில் அய்யனார் கோயிலில்தான் இருக்கிறது, சுண்ணாம்பு பூசிக்கொண்டு.

ஆனால் அந்தத் தூதன் காரணமில்லாமல் வரவில்லை. வைகாசியில் நான் ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவல் படித்துக்கொண்டிருந்தேன். கும்பகோணத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு ரிப்போர்ட் அடிக்கும் வேலை. போக வர ரயிலில் நாற்பது பக்கம் ஓடும். நாவலில் ஒரு தூதனுக்கு 'சேணப்புண்' வந்தது. அந்தச் சொல்லை அதுவரை நான் பார்த்ததில்லை. மொழிபெயர்ப்பாளரே உண்டாக்கியிருப்பார் போல. அழகான சொல். எங்கள் வீட்டில் அதற்குச் சொல்லே இல்லை. அப்பா "அங்க கொஞ்சம்" என்பார். அம்மா "அந்த எடத்துல" என்பாள்.

சேணப்புண் வந்த பக்கத்தில் அடையாளத்துக்கு அட்டையை வைக்கப்போனபோதுதான் அதன் பின்பக்கத்தைப் படித்தேன். அது ஷார்ட்ஸோடு வந்த அட்டை. முன்பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் முதுகைக் காட்டி நிற்பார். முதுகோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இதைப் போய் எப்படி அப்பாவிடம் நீட்டுவது என்று கொடுப்பதற்கு முன் கத்தரித்து எடுத்து என் புத்தகத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில்: உள்ளாடை இல்லாமல் அணியவும். உள்ளாடையின் தையல் விளிம்பு தோலுக்கும் பேடுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, வேர்வையில் நனைந்து, மிதிக்கும்போதெல்லாம் அரைக்குமாம்.

ஆறு வாரமாக அப்பாவை அரைத்தது அதுதான். அதைத் தடுக்கும் ஒரே வரியைக் கத்தரித்தது நான்.

நான் வீடு வந்து சேர்ந்தபோது அவர் டாக்டரிடம் போய்விட்டு வந்திருந்தார். "உக்கார்ற எடத்துல கொஞ்சம் எரிச்சலுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஷார்ட்ஸைப் பற்றி மூச்சு விடவில்லை. டாக்டர் களிம்பு கொடுத்து, பத்து நாள் சைக்கிளைத் தொடக் கூடாது, சர்க்கரை இருக்கிற உடம்பு, மறுபடி புண்ணானால் சைக்கிளையே மறந்துவிட வேண்டியதுதான் என்றிருக்கிறார்.

"மறந்துட்டாப் போச்சு," என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சைக்கிள் பக்கமே பார்க்கவில்லை.

அந்தப் பத்து நாளும் முடிந்த மறுநாள் எது தெரியுமா? மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் பக்கம் வந்து சேரும் நாள். முப்பத்துநான்கு வருடம் வேலையிலும், அதற்குப் பிறகும், முதல் தண்ணீர் அந்த மதகைத் தொடும்போது அப்பா அங்கே நிற்காமல் இருந்ததில்லை.

4

இந்தப் பகுதி கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். தேவையில்லை. வைத்துக்கொள்கிறேன்.

நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது அப்பா என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோவார். அவருடைய இரண்டு கைகளுக்கு நடுவே ஒரு சின்ன அறை மாதிரி இருக்கும். அந்த அறைக்குள் அவர் சட்டையின் நீலச்சோப்பு வாசம் இருக்கும். வாய்க்காலில் தண்ணீர் எங்கள் கூடவே ஓடிவரும். "யாரு முன்னாடி போறா? நாமளா, தண்ணியா?" என்பார். நான் எப்போதும் தண்ணீர் என்பேன். அப்பாவுக்கு அது பிடிக்கும்.

இரும்பு பார். இறங்கும்போது தொடை இரண்டும் மரத்து, சிவந்து, எரியும். நான் சொன்னதில்லை. சொன்னால் நடக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயம். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் இறங்கிக் காலை அகட்டி நின்றேன். பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலை பாரில் அவருடைய பச்சைத் துண்டு நாலாக மடித்துச் சுற்றி, சணலால் கட்டியிருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கும்வரை அது அவிழவே இல்லை.

எனக்குத் தெரிந்து உலகத்திலேயே முதல் சைக்கிள் பேட் அதுதான். அதற்கு அட்டை இல்லை. பின்பக்கத்தில் பொடி எழுத்து இல்லை. சுற்றினால் போதும்.

எங்கள் வீட்டில் வலியை இப்படித்தான் விசாரிப்பார்கள் என்று நினைத்துத்தான் நானும் ஷார்ட்ஸை வாங்கினேன். துண்டுக்கு வாக்கியம் தேவைப்படவில்லை. இதற்குத் தேவைப்படுகிறது. அதற்குள் எனக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. இடையில் எப்போது என்று தெரியவில்லை, நான் பாரிலிருந்து கேரியருக்கு மாறினேன், கேரியரிலிருந்து என் சொந்தச் சைக்கிளுக்கு. ஒவ்வொரு முறையும் எங்களுக்குள் பேசக்கூடிய சொற்கள் கொஞ்சம்

(இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். முடித்தால் அழுகை வரும். இது சிரிப்புக் கதையாக வர வேண்டியது.)

5

அம்மாவிடமும் கேட்டேன். அம்சம் என்கிற என் அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள்.

"நானா? கட்டுன நாள்லேருந்து அந்த மனுசன் அந்த எடம் வலிக்குதுன்னு எங்கிட்டயே சொன்னதில்லடி. நான் போயி அதக் கழட்டிட்டுப் போங்கன்னு சொல்லவா? குத்தாலம் கடத்தெருவுல நாலு பேரு பாப்பாங்க."

"மேல கைலிதானம்மா இருக்கு."

"கைலி பறக்கும்டி. புத்தகம் படிச்ச புள்ள, நீயே சொல்லு."

அதனால் இரண்டாவது வரைவு. அதில் அப்பாவுக்குக் கோவிந்தராசு என்று பெயர் வைத்தேன். வாக்கியத்தைச் சொல்வதற்காகவே கண்ணுசாமி என்று ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியாரை உண்டாக்கி, மதகுக்கட்டையில் உட்காரவைத்தேன்:

"என்ன கோவிந்தராசு, ஒரு பக்கமா உக்காந்திருக்கீங்க? முள்ளா?"

"அங்க கொஞ்சம் எரிச்சல் சார்."

"மெத்தக் கால்சட்ட போட்டுமா?"

"போட்டுத்தான்."

"அதுக்கு உள்ள?"

"உள்ள என்ன, எல்லாரும் போடுறதுதான்."

"அடப் பாவமே! அதாங்க அரைக்குது. அதக் கழட்டி எறிங்க மொதல்ல."

"இங்கயேவா சார்?"

அப்பா ஓய்விலிருந்த ஆறாம் நாள் இதைக் கொடுத்தேன். படித்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பக்கத்திலேயே நின்றேன்.

"இந்தக் கண்ணுசாமி யாரு, ரேசன்கட கண்ணுசாமியா?"

"இல்லப்பா. கற்பன."

"அதான பாத்தேன். ஒருத்தன் வெறுமன அந்தக் கால்சட்டைய மாட்டிக்கிட்டு ரோட்டுல போவானா? கதைன்னா கொஞ்சம் மிகைப்படுத்தத்தான் வேணும். நல்லாருக்கு."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? மிகையில்லப்பா, நிஜம், அட்டையில் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆமாப்பா" என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஊரில் பாதிப் பேரின் சிறுநீர் ரிப்போர்ட்டைக் கூச்சமில்லாமல் அடிக்கிற விரல்கள் இவை.

புனைவின் தோல்வி என்று பெரிய பெரிய கட்டுரைகள் படித்திருக்கிறேன். அது இவ்வளவு சின்னதாக, ஒரு நல்லாருக்குவாக வரும் என்று யாரும் எழுதவில்லை.

ஆகவே மூன்றாவது வரைவில் கண்ணுசாமியை அனுப்பிவிட்டேன். பெயர்களைத் திருப்பி வைத்தேன். முதல் பக்கத்திலேயே வாக்கியத்தை வைத்தேன். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதுதான்.

வேறொரு முடிவையும் எழுதிப் பார்த்தேன். அதில் புண் திரும்ப வருகிறது. சைக்கிளைச் சுவரோடு சாத்திவைக்கிறார்கள். தண்ணீர் வந்துவிட்ட செய்தியை அப்பா போனில் கேட்டு "அப்படியா" என்கிறார். அந்த "அப்படியா"வுக்கு மேல் கை ஓடவில்லை.

6

இதுவரை உள்ளதை நேற்று மாலை அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே வைத்தேன். இனி வருவதை அவர் படிக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தாள்கள் என் மேசைக்குத் திரும்பிவிட்டன. அப்பா கதவருகே நின்றார்.

"ஒற்றுப்பிழை மூணு. திருத்திட்டேன்."

"சரிப்பா."

"துண்டு பச்சைன்னு எழுதிருக்க. பச்சை இல்ல, ஊதா. செகப்புக் கரை போட்டது."

"பச்சைன்னுதான்பா எனக்கு ஞாபகம்."

"நான்தான கட்டுனேன்," என்றார். போகத் திரும்பினார். "வேற ஒண்ணும் இல்ல. காலைல தண்ணி வந்துரும்ங்கிறாங்க."

போய்விட்டார். (துண்டை நான் மாற்றவில்லை. மேலே பச்சையாகவே இருக்கட்டும்.)

பிறகு தாள்களைப் புரட்டினேன். முதல் பக்கத்தில், அந்த வாக்கியத்தில், 'ஜட்டி' என்பதைப் பென்சிலால் அடித்து, ஓரத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார்: 'உள்ளாடை. பேச்சில் வரும்போது இருக்கட்டும். நீ சொல்லும் இடத்தில் நல்ல தமிழ் வேண்டும்.'

அவ்வளவுதான். வாக்கியத்தைப் படித்திருக்கிறார். திருத்தியும் இருக்கிறார். ஏற்றுக்கொண்டாரா, அல்லது இதையும் கதை என்று நினைத்தாரா, பென்சில் சொல்லவில்லை.

இப்போது காலை. ஐந்தரைக்கு அவர் கிளம்பும் சத்தம் கேட்டது. முன்னறையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கொல்லைச் சன்னலுக்கு எட்டு எட்டு வைத்தால் போதும். எழுந்து போகமாட்டேன்.

மணி ஏழு பத்து. சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம்.

"அம்சம்! தண்ணி வந்துட்டு."

"மதகு வரைக்குமா?"

"மதகத் தாண்டிட்டு. நொரையும் சருகுமா, என்னா வேகம்ங்கிற! என் முன்னாடியே ஓடுது. என்னால புடிக்க முடியல."

சிரிக்கிறார். கால் வைத்து நடக்கும் சத்தத்தில் நொண்டல் இல்லை. ஆனால் முதல் நாளில் யாருக்கும் தெரியாது.

அடிபம்பு அடிக்கிறார். வாளி நிறைகிறது. அலசுகிறார். பிழிகிற தண்ணீர் சிமென்ட் தரையில் விழுகிறது.

முதல் உதறல்.

கொடி அசைந்து சுவரில் உரசுகிறது. கிளிப் மாட்டுகிறார். நான் பேனாவைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். இதற்குப் பிறகு நான் எழுதினால் அது என் ஆசையாகத்தான் இருக்கும். என் கற்பனையை நம்பாதவர் கொல்லையில் நிற்கிறார். அதனால் நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

கொஞ்சம் சத்தம் போடாமல்.