அஞ்சு மணி மாத்திரை

ஸ்டூலில் ஏறி நின்று பரணைக் கலைத்துக்கொண்டிருந்தாள் ரோசம்மாள். கிறிஸ்துமஸ் குடில் பெட்டி தரையில் விழுந்தது. பின்னாலேயே பழைய குக்கர்.

"பாட்டிலை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? நீங்களா எடுத்துக் கொடுத்துடுங்க."

"ஒளிக்க என்னடி இருக்கு? குடியை விட்டு மூணு வருஷமாச்சு. பூண்டி மாதா மேல சத்தியம்." அமிர்தராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாதாவை ஏன் இழுக்கறீங்க? மூஞ்சியைக் கண்ணாடியில பாருங்க, இட்லி மாதிரி ஊதிக் கிடக்கு. பேச்சு குழறுது. ஃபேக்டரியில நின்னுக்கிட்டே தூங்குறீங்களாம்."

எல்லாமே உண்மை. ஏன் என்றுதான் அவருக்கே தெரியவில்லை.

அவர்கள் மகள் அனிஷா தென்னூர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பத்தொன்பது வயது. காமாலையில் ஆரம்பித்து, கல்லீரல் மொத்தமாகக் கைவிட்டுவிட்டது. அம்மாவின் ரத்தப் பிரிவு சேரவில்லை, அப்பாவுடையது சேர்ந்தது. ஈரலில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தால் பெண் பிழைப்பாள். நேற்று ஸ்கேன் வந்தது. அவர் ஈரல் முழுக்கக் கொழுப்பு, குடிகாரனுடையதைப் போல. வெட்டிக் கொடுக்க லாயக்கில்லை.

ரோசம்மாளின் செல்போன் அடித்தது. அனிஷாவைப் பார்க்கும் டாக்டர் ஆனந்தவள்ளி.

"ரெண்டு பேரும் உடனே வாங்க. அவர் சாப்பிடற தைராய்டு மாத்திரையையும் எடுத்துட்டு வாங்க."

ரோசம்மாள் பீரோவைத் திறந்து எதையோ பைக்குள் அள்ளிப் போட்டாள். திருவெறும்பூரிலிருந்து தென்னூருக்கு ஆட்டோ பிடித்தார்கள்.

டாக்டர் அவருடைய தைராய்டு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நீட்டினார். "டி.எஸ்.எச். எழுபத்தெட்டு. அஞ்சைத் தாண்டக் கூடாது; தாண்டினா தைராய்டு மந்தம்னு அர்த்தம். தைராய்டு மந்தமானா உடம்பு கொழுப்பைச் செலவழிக்கிறதும் மந்தமாயிடும். அது ஈரல்ல போய்ச் சேரும். முகம் ஊதும், பேச்சு தடிக்கும், எந்நேரமும் தூக்கம். பார்க்கிறவங்க குடிச்சிருக்கார்னுதான் நினைப்பாங்க."

"கேட்டியாடி?" என்று திரும்பினார் அமிர்தராஜ்.

அவள் மடியிலிருந்த பையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"மாத்திரையை எப்போ நிறுத்தினீங்க?"

"ஒரு நாள் விட்டதில்லை மேடம். ஏழு வருஷமா, ஷிப்ட் பஸ்ஸுக்கு முன்னாடி, அஞ்சு மணிக்கு, வெறும் வயித்துல. கையை நீட்டுவேன், இவ வைப்பா. லைட்டைக்கூடப் போடறதில்லை."

"தினம் சாப்பிட்டா எழுபத்தெட்டு வராதே."

"டோஸைக் கூட்டுங்க மேடம். சரியாயிடும்ல?"

"ஆகும். ஈரல் தேற மாசக்கணக்காகும்." டாக்டர் குரல் இறங்கியது. "அனிஷாவுக்கு மூணு வாரம்தான் இருக்கு."



ரோசம்மாள் பைக்குள் கைவிட்டாள். சின்ன பாட்டில் ஒன்றை மேஜைமேல் வைத்தாள். இன்னொன்று. மூன்றாவது. மூன்றுமே அமிர்தராஜ் வாங்கி வந்த தைராய்டு மாத்திரைகள், பாட்டிலுக்கு நூறு. மூன்றிலும் சீல் உடையவில்லை.

"பொங்கல் சமயத்துல ஒரு பார்ட்டிக்குப் போனாரு டாக்டர். சட்டையில பிராந்தி வாடை."

"பக்கத்துல இருந்தவன் கொட்டிட்டான்னு அன்னைக்கே சொன்னேனே!"

"நான் நம்பலையே." என்றாள் ரோசம்மாள். "கேள்வி கேக்காம நீங்க வாயில போட்டுக்கிறது அந்த அஞ்சு மணி மாத்திரை ஒண்ணுதான். அப்புறம் மூஞ்சி ஊத ஆரம்பிச்சதும், இன்னும் குடிக்கிறீங்கன்னுதான்..."

"ரோசா, என்னத்தைக் கொடுத்த?"

"பத்து மாசமா உங்க கையில வச்சது தைராய்டு மாத்திரை இல்லீங்க. லால்குடியில ஒருத்தர் கொடுத்த, குடியை மறக்கடிக்கிற மாத்திரை."