விமானி விட்டுவந்த எடை

போர் முடிந்து ஊர் திரும்புவதற்கு முன் நடந்த மருத்துவப் பரிசோதனையில், அந்தக் குண்டுவீச்சு விமானியின் எடை பூஜ்யம் என்று தெரியவந்தது. ராணுவ மருத்துவர் எடை மேடையை மாற்றிப் பார்த்தார், தானே ஏறி நின்று பார்த்தார், பிறகு சமையற்கூடத்திலிருந்து உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசை வரவழைத்தார். மூன்று கருவிகளும் விமானிக்கு ஒரே பதிலைத்தான் சொல்லின. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், பற்கள் நன்று, கண்பார்வை மிக நன்று என்று நிரப்பிய மருத்துவர், எடைக்கான கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

எடை போன விதத்தை விமானி தன் மனைவியிடம் ஒரே ஒரு முறை, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். இருபத்தேழாவது பயணம். எதிரி நாட்டு ரயில் பாலத்தை உடைத்துவிட்டுத் திரும்பும்போது இடது எஞ்சின் செத்துக் கிடந்தது, எதிரே மலைத்தொடர். துப்பாக்கிகள், தோட்டாப் பெட்டிகள், வானொலி, இருக்கைகள், கடைசியில் ஏழு பேரின் காலணிகள் வரை வெளியே தள்ளியும் விமானம் மேலேறவில்லை. இன்னும் எழுபத்திரண்டு கிலோ கூடுதல் என்று மெக்கானிக் கணக்குப் போட்டுச் சொன்னார். எழுபத்திரண்டு கிலோ என்பது விமானியின் எடை. ஆகவே அவர் அதை முகட்டின்மேல் இறக்கி வைத்துவிட்டு மற்ற ஆறு பேரையும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார். எப்படி இறக்கி வைத்தீர்கள் என்று அவள் கேட்டாள். தோளிலிருந்து பையை இறக்குவதுபோலத்தான் என்றார். வலித்ததா என்றதற்கு, குளிர்ந்தது என்றார்.

அவள் தையற்காரி, காற்றில் பறக்கும் துணியை எப்படி அடக்குவது என்று அவளுக்குத் தெரியும். முதல் வாரத்தில் அவரை மூன்று முறை கூரையிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. நாலாவது முறைக்கு இடம் வைக்காமல், மீன்வலையில் கட்டும் ஈயக் கட்டிகளை வாங்கிவந்து கோட்டின் விளிம்பிலும் காற்சட்டை மடிப்பிலும் வைத்துத் தைத்தாள். கோடைக்கு ஒன்பது, காற்று மாதங்களுக்குப் பதினான்கு. கடைத்தெருவில் அவள் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்த அக்கம்பக்கத்தார், கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் என்ன ஒட்டுதல் பார் என்று பெருமூச்சு விட்டார்கள். பாதி நாட்களில் அது காற்றுக்காகப் பிடித்த பிடி. மீதி நாட்களில் அவர்கள் சொன்னதே சரி. மகள் பிறந்தபோது மூன்றேகால் கிலோ என்று நர்ஸ் சொன்னாள். போரில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அதைக் கேட்டு ஆஸ்பத்திரி நடையில் நின்று விம்மி விம்மி அழுதார்.

பயணிகள் விமானக் கம்பெனிகள் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. எடையில்லாதவருக்கு உரிமம் தரக்கூடாது என்று விதிப்புத்தகத்தில் இல்லை, தரலாம் என்றும் இல்லை. இரண்டும் இல்லாததால் முடியாது என்றார்கள். நகராட்சியின் விளக்குப் பிரிவு மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டது. கம்பத்தடியில் கோட்டைக் கழற்றி வைத்து, இடுப்பில் கட்டிய கயிற்றைச் சக ஊழியரிடம் கொடுத்துவிட்டு, அவர் நிதானமாக மேலே போய் பல்பை மாற்றிவிட்டு வருவார். நகராட்சி அந்தப் பிரிவுக்கு அதற்குப் பிறகு ஏணியே வாங்கவில்லை. இப்படிப் பதினோரு வருஷம் போயிற்று.

அந்த வருஷம், போரில் ஒவ்வொருவரும் இழந்ததை நிரந்தரமாகப் பதிந்து வைக்க ராணுவ அலுவலகத்தில் ஒரு பதிவேடு திறந்தார்கள். விமானிக்கு அதில் அக்கறையில்லை. எழுதி என்ன ஆகப்போகுது என்றார். தையற்காரி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏங்க, கை போனவங்க பேரு இருக்கு, கால் போனவங்க பேரு இருக்கு. மொத்தமா போனவர் பேரு இருக்க வேணாமா?”

அலுவலகத்தில் எழுத்தர் மரியாதையாகத்தான் பேசினார். அதே விமானத்தில் பறந்த ஒருவர் நேரில் வந்து சாட்சி சொன்னால் எழுதிவிடலாம் என்றார். ஆறு பேரில் மூவர் காலமாகியிருந்தார்கள், இருவர் கடல் கடந்து போயிருந்தார்கள். மிஞ்சியவன் வால்பக்கத்துத் துப்பாக்கிக்காரன் ஒருவன்தான். விமானத்தில் ஏற்றியவற்றிலேயே பெரிய குண்டு இவன்தான் என்று, மற்றவர்கள் அவனுக்குக் குண்டு என்றே பெயர் வைத்திருந்தார்கள். போருக்கு முன் முடிதிருத்துபவன். இப்போது அரை நாள் பஸ் பயணத் தொலைவில் ஒரு ரயில்வே கேட்டில் காவல். போருக்குப் பின் அவன் ஒரு கடிதம்கூடப் போட்டதில்லை. ஏன் என்று கேட்டால் விமானி பேச்சை மாற்றிவிடுவார்.

அவரிடம் சொல்லாமல் அவள் பஸ் ஏறினாள். “வாங்க அண்ணி” என்று குண்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் மட்டும் இருந்தன. வந்த காரியத்தைக் கேட்டதும் அவன் முகம் இறுகிவிட்டது.

“எஞ்சின் ஏன் போச்சுன்னு கேப்டன் உங்ககிட்ட சொன்னாரா?”

“எதிரி சுட்டான், போச்சு.”

“முதல் தடவை பாலத்து மேல போனப்பவே குண்டைப் போட்டிருந்தா, சுடறதுக்கு அவனுக்கு நேரமே இருந்திருக்காது அண்ணி. பாலத்துல ஒரு பயணிகள் ரயில். ஜன்னல் பூரா தலை. போடாதேன்னுட்டார். அது தாண்டிப் போற வரைக்கும் சுத்துனோம். மூணு சுத்து. மூணாவதுல எஞ்சினும் போச்சு, இதுவும் போச்சு.” கையைத் தூக்கிக் காட்டினான். “அந்த ரயில்ல எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் கிடையாது. விரல் என்னுது. கத்தரி பிடிக்கிற விரல்.”

பதினோரு வருஷம் பக்கத்திலேயே இருந்தும் இந்த ரயிலைப் பற்றி அவர் மூச்சுவிட்டதில்லை. தையற்காரிக்குப் பெருமை நெஞ்சில் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கத்தரி பிடித்துப் பிழைப்பவள் அவள், அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே பெருமைப்பட அவளால் முடியவில்லை.

“கோபத்தை விட்டுடுங்கன்னு சொல்ல வரல தம்பி. நடந்ததை நடந்தபடியே சொல்லுங்க. அந்த மூணு சுத்தையும் சேர்த்தே சொல்லுங்க.”

அப்போது மணி அடித்தது. அவன் எழுந்து கேட்டை மூடி, பச்சைக் கொடியை இடது கையில் பிடித்து நின்றான். வண்டி அவசரமில்லாமல் கடந்தது. ஒருத்தி குழந்தைக்கு ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தாள், ஒருவர் வாயைத் திறந்து தூங்கினார், ஒரு ஜன்னல் கம்பியில் சட்டை காய்ந்தது. கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறையும்வரை அவன் கொடியை இறக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

“மலைக்கு முன்னாடி, எழுபத்திரண்டு கிலோ அதிகம்னதும் எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க. நான் நூறு கிலோ. பாராசூட் கிழிஞ்சு கிடக்கு. கை போனவன் நானே போறேன்னு கதவைத் திறந்துட்டேன். ‘உட்காருடா குண்டு, கதவைச் சாத்து, குளிருது’ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.” கொடியைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான். “அவர்மேல கோபப்பட்டாகணும்னே கோபப்பட்டுக்கிட்டிருக்கேன் அண்ணி. அதை விட்டா அழுகை வந்துடும்.”

அடுத்த வாரம் அவன் வந்தான். அலுவலக வாசலில் விமானியைப் பார்த்ததும் நின்று, தலையிலிருந்து கால்வரை ஒரு முறை அளந்தான்.

“இளைச்சிட்டீங்க கேப்டன்.”

விமானி வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பில் பதினான்கு ஈயக் கட்டிகளையும் மீறி அவர் ஒரு முழம் மேலே போய்விட்டார். குண்டுதான் இரண்டு விரலால் கோட்டைப் பற்றி இறக்கினான். பற்றிய பிடியை உள்ளே போகும்வரை விடவில்லை.

எழுத்தர் பதிவேட்டைத் திறந்தார். கை, கால், கண், காது என்று கோடு போட்ட பத்திகளைத் தாண்டி, மற்றவை என்பதில் எழுதினார்: எடை, எழுபத்திரண்டு கிலோ, ஆறு பேருக்காக, மலைமுகட்டில் விடப்பட்டது. குண்டு இடது கையால், ஒவ்வொரு எழுத்தாகச் செதுக்கிக் கையெழுத்துப் போட்டான். எழுத்தர் பொறுமையாக இருந்தார். பிறகு குண்டு தன் வலது கையை மேசைமேல் வைத்தான்.

“இதையும் எழுதிக்குங்க. மூணு விரல். காரணம்னு ஒரு பத்தி இருக்குல்ல, அதுல பயணிகள் ரயில் தாண்டிப் போகக் காத்திருந்தோம்னு போடுங்க.”

விமானி ஏதோ சொல்ல வாயெடுத்தார். தையற்காரி அவர் கையை அழுத்தினாள். எழுத்தர் அப்படியே எழுதினார். அவள் குனிந்து, இரண்டு வரிகளையும் எழுத்து விடாமல் வாசித்தாள், மை காயும்வரை அங்கேயே நின்றாள்.

அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தவர் ஒரு கப்பற்படைக்காரர். போருக்குப் போன தன் நிழல் இன்னும் வீடு வந்து சேரவில்லை என்றார். தையற்காரி நகர்ந்து அவருக்கு நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். எழுத்தர் மற்றவை என்ற பத்தியில் பேனாவை வைத்துக்கொண்டு, சாட்சி இருக்கிறதா என்று கேட்டார்.