மூடிய கண்ணைத் திறக்கும் முறை

மல்லசமுத்திரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே உள்ள அப்புசாமியின் ஸ்டுடியோவில், கணினி முன்னால் உட்காருகிறவள் தனப்பிரியா. இறந்தவர்களின் கண்ணைத் திறப்பதில் அவளுக்கு நல்ல பெயர். விளையாட்டாகச் சொல்லவில்லை, சாமி. உயிரோடு இருக்கும்போது ஒழுங்காக ஒரு படம் எடுத்துக்கொள்ளாதவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். சுடுகாட்டுக்கு எடுத்துப் போகுமுன் உடலை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்த படத்தைத்தான் வீட்டார் கொண்டுவருவார்கள். தனப்பிரியா ரேஷன் கார்டிலிருந்தோ, அதே சாடையுள்ள பிள்ளையின் முகத்திலிருந்தோ கண்ணை எடுத்துப் பொருத்துவாள். ஓரத்தை மழுப்புவாள். இரண்டு கருவிழியிலும் ஒரே பக்கமாக ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பாள். அந்தப் புள்ளி விழுந்ததும் முகத்துக்கு உயிர் வந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் குருமூர்த்தி வந்தான். ரிக் வண்டியில் வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். கைபேசியை நீட்டினான்.

"இதுல கண்ண மட்டும் தொறக்கோணுமுங்க அம்மிணி. நாலு மணி பஸ்ஸுக்கு எங்கூட்டுக்காரி வாரா."

படத்தில் துணி சுற்றிய குழந்தை. பிறந்து ஆறே நாள் இருந்தது. படம் எடுத்தபோது அதற்கு உயிர் இல்லை.

தனப்பிரியா படத்தைப் பெரிதாக்கி மூடிய இமைகளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "கண்ணு முழிச்ச படம் வேற இருக்குதுங்களாண்ணா?" என்றாள்.

"இருந்துச்சுங்க."

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தை விழித்திருந்தபோது அவன் ஒரு படம் எடுத்தான். குலசாமி கோயிலில் மொட்டை போடும்வரை போட்டோ ஆகாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கேள்விப்பட்ட அவன் அம்மா, "கண்ணு பட்டுரும்டா, அழி மொதல்ல" என்றாள். அழித்தான். ஆறாம் நாள் இனி எந்தக் கண்ணும் படுவதற்கில்லை என்றான பிறகு இந்தப் படத்தை எடுத்தான்.

தனப்பிரியா அவசரமாக அவன் கைபேசியில் அழித்த படங்கள் கிடக்கும் இடத்தைத் திறந்தாள். காலியாக இருந்தது.

"முப்பது நாள்தானுங்கண்ணா வெச்சிருக்கும். பாப்பா போயி எத்தன நாளாச்சுங்க?"

"இன்னைக்கு நாப்பத்தொண்ணு."

அந்த ஆறு நாளும் அவன் மனைவி மஞ்சுளா ஜன்னி கண்டு வேறு வார்டில் நினைவில்லாமல் கிடந்தாள். தெளிந்ததும் இறந்த குழந்தையைத் துணி சுற்றிக் கொண்டுவந்துதான் காட்டினார்கள். தன் பிள்ளையின் கண்ணைப் பெற்றவள் பார்க்கவே இல்லை. தினமும் கேட்கிறாள், கண் எப்படி இருந்தது என்று. நல்லா இருந்துச்சு என்பதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டாரில் அந்தக் கண்ணைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

"எப்படியாச்சும் அவளுக்குக் காட்டீரோணுமுங்க" என்றான்.

தனப்பிரியா முதலில் படத்தை நகல் எடுத்து, மூலத்தைத் தொடாமல் பூட்டி வைத்தாள். அது அவள் பழக்கம். பெரியவர்களின் கண்ணைச் சிறிதாக்கினால் குழந்தைக்கு ஒத்துவராது. கருவிழி போதாது, வெள்ளை மிஞ்சிவிடும். முதலாம் ஆண்டு பிறந்தநாள் பேனருக்கு வந்த பிள்ளைகளின் படங்கள் கணினியில் நிறைய இருந்தன. ஒரு பிள்ளையின் கண்ணை எடுத்து வைத்தாள்.

"இது என்னையப் பாக்குதுங்க. அது பாக்கலீங்க."

"அப்புறம் எங்க பாத்துச்சுங்க?"

"மேல... லைட்டப் பாத்தாப்ல. இல்லீங்க, எங்கியும் பாக்காதாப்ல."

இமையைப் பாதி இறக்கினாள். வெள்ளைக்குள் கொஞ்சம் நீலம் கலந்தாள். இன்னொரு பிள்ளையின் கண், இன்னொன்று. ஒவ்வொன்றையும் படத்தின் மேல் தனித்தனி அடுக்காக வைத்துக்கொண்டே போனாள்.

அப்புசாமி முன்கடையிலிருந்து குரல் கொடுத்தார். "ஏனம்மிணி, சீர் பேனருக்கு மாமங்காரன் வந்து நிக்கறான். அவனச் செவப்பாக்கோணுமாமா. அதுக்கு இன்னும் பட்டன் கண்டுபுடிக்கலன்னு சொல்லிட்டேன். நீ வந்து..." உள்ளே எட்டிப் பார்த்தவர் திரையைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். "நாளைக்கு வரச் சொல்றேன் சாமி" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஏழாவது கண்ணை வைத்துப் புள்ளியும் வைத்தாள். குருமூர்த்தி வெகுநேரம் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். மறுபடி திறந்து திரையைப் பார்த்தான்.

"போச்சுங்க அம்மிணி."

"என்னங்கண்ணா?"

"கண்ண மூடுனா நீங்க வெச்சதுதானுங்க வருது. பாப்பாளுது வர மாட்டேங்குது."

அவள் எல்லா அடுக்கையும் மறைத்தாள். மூடிய முகம் திரும்ப வந்தது. "இப்பப் பாருங்கண்ணா, பொறுமையா நெனச்சுப் பாருங்க" என்று கெஞ்சினாள். அவன் தலையை ஆட்டினான். கண்ணுகளா, கணினியில் ஓர் அடுக்கை மறைத்தால் கீழே இருப்பது அப்படியே இருக்கும். மனசுக்கு அந்த வசதி இல்லை.

வெளியே பேருந்து வந்து நின்ற சத்தம். ஒன்றும் தோன்றாமல் தனப்பிரியா ஏழாவதையே திரும்பக் காட்டினாள்.

மஞ்சுளா சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தாள். இன்னும் உடம்பு தேறவில்லை. திரைக்கு அருகே குனிந்தாள்.

"இதுதானுங்களா மாமா?"

குருமூர்த்தி தனப்பிரியாவைப் பார்த்தான். பிறகு, "ஆமா" என்றான்.

மஞ்சுளாவின் முகம் மலர்ந்தது. விரலால் திரையைத் தொட்டாள். "உங்க அம்மா கண்ணாட்டவே இருக்குதுங்க. இத்தன பெரிய கண்ணா? அக்கா, பெருசாப் போட்டுக் குடுங்க, ஊட்ல மாட்டோணும்." சொல்லிக்கொண்டே அவன் பக்கம் திரும்பினாள். "அழுவும்போதும் இப்படித்தான் முழிக்குமுங்களா? தூங்கறதுக்கு முந்தி எப்படி? சொல்லுங்க மாமா."

அவன் கண்ணை மூடிப் பார்த்தான். திரையில் இருந்த கண்தான் வந்தது.

"சொல்லுங்களேன்."

"எனக்கு மறந்துருச்சு மஞ்சு" என்றான். "இது பாப்பாளான்னு எனக்குத் தெரியல."

அவள் விரல் திரையிலேயே நின்றது. மெல்ல எடுத்துக்கொண்டாள். அழவில்லை, திட்டவில்லை. பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஆமான்னு சொன்னீங்கல்ல, அப்படியே உட்ருக்கலாமில்லீங்க."

குருமூர்த்தி தரையைப் பார்த்தான். தனப்பிரியாவின் கை மவுஸின் மேல் இருந்தது. திரையிலிருந்த குழந்தை மூவருக்கும் மேலாக எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. அச்சுப் போடும் பொத்தானுக்கும் அழிக்கும் பொத்தானுக்கும் நடுவே தனப்பிரியா அம்புக்குறியை நிறுத்தி வைத்திருந்தாள்.