ஸ்வெட்டர் போட்ட புங்கமரம்

1

இந்தக் கதை சமூக அக்கறையில் பிறந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் இது டிராஃபிக்கில் பிறந்தது. ஓசூர் ரோட்டில் ஆட்டோ நகராமல் நின்ற ஒரு மதியம், அடுகோடிப் பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு மரம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். இடுப்பளவு உயரத்துக்குச் சாம்பல் நிறக் கம்பளி. அதன்மேல் ஓர் அட்டை: 'எனக்கும் உயிர் இருக்கிறது.'

"என்னங்க அது?" என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன்.

"போராட்டம் சார்."

"யாரு போராடறாங்க?"

"மரந்தான். வேற யாரையும் காணோமே."

எனக்கு அந்த மாதக் கதை கிடைத்துவிட்டது. மரத்துக்கு என்ன கிடைத்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பெங்களூரின் மெல்லிய குளிரில், கம்பளி இழைகளைப் போலவே மனித மனங்களும் ஒன்றோடொன்று பின்னி—'

வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

அடுத்தது: 'பின்னல் என்பது ஓர் அரசியல் செயல்பாடு.' இது என் வாக்கியம் இல்லை, கிருத்திகாவுடையது. கோயம்புத்தூரிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்த பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் 'இழை' என்ற பின்னல் குழுவை நடத்துகிறாள். வாரத்தில் ஐந்து நாள் கம்பெனிக்கும் ஒரு நாள் சமூகத்துக்கும் உழைக்கிறாள். மிச்சமிருக்கும் ஒரு நாள் தூங்குகிறாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகு கதை எழுத முடியாது, கருத்தரங்குதான் நடத்த முடியும்.

மூன்றாவது: 'பெர்னதெத்துக்கு நிழல் வேண்டும்.'

இது சரி. இங்கிருந்து போகலாம்.

3

பெர்னதெத்துக்கு நிழல் வேண்டும். இன்ஷூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு வாசலில் ஒரு புங்கமரம், அதன் கீழே ஒரு சிமெண்டு பெஞ்சு.

(இந்த இடத்தில், அந்த மரத்தை நட்டவர் அவருடைய மறைந்த கணவர் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இல்லை. கணவர் டெஸ்மண்ட் நல்ல சுகத்தோடு உள்ளே உட்கார்ந்து டிவி பார்க்கிறார். காலையில் தொடங்கும் விவாத நிகழ்ச்சி, எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துவது, இரவு வரை ஓடும். ரோட்டை அகலப்படுத்த வேண்டும் என்ற கட்சியும் அவர்தான்.)

வீட்டில் டிவி சத்தம் எட்டாத ஒரே இடம் அந்த பெஞ்சு. அங்கே உட்கார்ந்தால்தான் தன் மனசு என்ன சொல்கிறது என்பதே பெர்னதெத்துக்குக் கேட்கும். அந்த மரம் போனால் தானும் போய்விடுவோம் என்று அவருக்குத் தோன்றியது. மிகைதான். ஆனால் அவர் அப்படித்தான் நினைத்தார், நான் குறுக்கே வரவில்லை.

ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்தவர்கள் தெருவில் ஆறு மரங்களுக்குச் சுண்ணாம்பால் பட்டை அடித்துவிட்டுப் போனார்கள். அதில் ஒன்று பெர்னதெத்தின் மரம். உடனே, பெர்னதெத்தும் உறுப்பினராக இருந்த 'இழை' கூடியது. அந்த ஆறு மரங்களுக்கும் ஸ்வெட்டர் பின்னிப் போடுவது என்று முடிவாயிற்று. ஒரு வாரம் முழுக்க நிறம் பற்றிய விவாதம். காவி கூடாது. பச்சை போட்டால் வேறு அர்த்தம் வரும். சிவப்பும் கறுப்பும் சேர்ந்தால் "தமிழ்நாடு எலெக்‌ஷனா?" என்று கேட்பார்கள். மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் கன்னடக் கொடி, அதை மரத்தில் சுற்றுவது மரியாதையா அவமரியாதையா என்று யாருக்கும் தெரியவில்லை. நீலத்துக்கும் ஆள் இருந்தார்கள். கடைசியில் எந்தக் கட்சிக்கும் வேண்டாத சாம்பல் நிறம் தேறியது. இந்த நாட்டில் அரசியல் இல்லாத போராட்டம் நடத்த அது ஒன்றுதான் மிச்சம்.

4

எதிர்வீட்டு பத்ரிநாத்தை இப்போது அறிமுகப்படுத்த வேண்டும். வில்லனாக எழுதத்தான் நினைத்தேன். 'மீசையை முறுக்கியபடி அவர்—' என்று ஆரம்பித்தும் பார்த்தேன். அவருக்கு மீசை இல்லை.

கொரோனாவில் டெஸ்மண்ட் மூச்சுக்குத் திணறியபோது, ஆக்சிஜன் சிலிண்டர் தேடி ஊர் பூராவும் கார் ஓட்டியவர் பத்ரிநாத். அதன்பின் தேர்தல் வந்தது. தெரு வாட்ஸப் குரூப்பில் அவர் ஒன்று போட, பெர்னதெத் ஒன்று போட, ஒரு நாள் பெர்னதெத் குரூப்பை விட்டே வெளியேறினார். ஆட்சி மாறினால் எல்லாம் மாறும் என்று இருவருமே நம்பியவர்கள்தான். மாறியது. ரோட்டில் குழி அப்படியே இருந்தது, எதிரெதிர் வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வது நின்றது.

ஸ்வெட்டர் போட்ட அன்று பத்ரிநாத் குரூப்பில் எழுதினார்: 'மரத்துக்குக் குளிருதா? மப்ளரும் வாங்கித் தரட்டுமா?' குரூப்பில் இன்னும் இருந்த ஜோசஃபின் அதைப் படமெடுத்து பெர்னதெத்துக்கு அனுப்பிவைத்தார். சிநேகிதிகள் எதற்கு இருக்கிறார்கள். பத்ரிநாத் வீட்டு மரத்துக்குச் சுண்ணாம்புப் பட்டை கிடையாது, நிம்மதியாகக் கிண்டல் செய்யலாம். பெர்னதெத் அன்று அழுதார். ஊரில் யார் சிரித்திருந்தாலும் பரவாயில்லை, பத்ரிநாத் சிரித்திருக்கக் கூடாது என்றிருந்தது.

5

மூன்று வாரம் நல்ல மழை. பிறகு ஒரு வேலை நாளின் காலையில் மரம் அறுக்கும் மெஷினோடு லாரி வந்தது. மேஸ்திரி கணேசமூர்த்தி கிருஷ்ணகிரிக்காரர். ஒவ்வொரு ஸ்வெட்டராகத் தூக்கிப் பார்த்தார். சுண்ணாம்பைக் காணோம். ஈரக் கம்பளி ராப்பகலாக உரசி உரசி அதைச் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தது.

"ஆறு மரம்னு ஆர்டர். எந்த ஆறுன்னு எங்க போய்க் கேக்கறது?" என்றார்.

பெர்னதெத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்போ வெட்ட முடியாதுல்ல?"

கணேசமூர்த்தி தெருவை ஒரு தடவை நோட்டம் விட்டார். முகம் தெளிந்தது. "அதான் ஆறு மரத்துக்கும் ஸ்வெட்டர் மாட்டி வச்சிருக்கீங்களேம்மா. ரொம்ப உபகாரம். பசங்க சாப்ட்டுட்டு வந்துடட்டும், ஆரம்பிச்சுடறோம்."

(இது நம்பும்படி இல்லை என்று என் மனைவி சொன்னாள். அடையாளத்தை அழித்துவிட்டு, அதைவிடப் பெரிய அடையாளமாக நாமே நிற்பது எந்தப் போராட்டத்தில் நடக்கவில்லை என்று கேட்டேன். குக்கர் சத்தம் போட்டதால் விவாதம் அங்கே முடிந்தது.)

பெர்னதெத் கிருத்திகாவுக்கு போன் செய்தார்.

"ஆன்ட்டி, நான் ஆபீஸ் கால்ல இருக்கேன். நீங்க லைவ் போட்டுடுங்க, ப்ளீஸ். நான் ஷேர் பண்றேன்."

'இழை' குழுவில் செய்தி போட்டார். அழுகிற முகங்கள் வந்தன, இரண்டு முஷ்டிகள் வந்தன. டீனா மட்டும் அக்கறையாகக் கேட்டாள்: 'வெட்டறதுக்கு முன்னாடி ஸ்வெட்டரைக் கழட்டி வைக்க முடியுமா ஆன்ட்டி? நல்ல உல்லன்.'

6

பெர்னதெத் உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தார். தன் மரத்து ஸ்வெட்டரின் தையலைப் பிரித்தார். அவிழ்த்ததும் மரம் மற்ற மரங்களைப் போல் ஆகிவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

ஆனால் ஆர்டர் ஆறு. ஐந்துதான் இருந்தால் கணேசமூர்த்தி ஆறாவதைத் தேடுவார். எங்கே தேடுவார்? ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினுக்கு எதிரே நிற்கிற கிழவியின் மரத்தில்தான்.

இந்த யோசனை எனக்குத்தான் முதலில் வந்தது. பெர்னதெத்துக்கு வர வேண்டாம் என்று இரண்டு பத்திகள் எழுதித் தடுத்துப் பார்த்தேன். மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், நல்லவர். 'அவர் அப்படியெல்லாம் நினைக்கக்கூடிய—' என்று எழுதும்போதே அவர் ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, தெருவைத் தாண்டிவிட்டார். பத்ரிநாத்தின் மரமும் அதே சுற்றளவு. சரியாகப் பொருந்தும்.

அவர் அதன் கீழே போய் நின்றபோது கேட் திறந்தது. பத்ரிநாத் வந்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு நேருக்கு நேர்.

"மேடம், நானே உங்க வீட்டுக்கு வரலாம்னு இருந்தேன்," என்றார். "குரூப்ல நான் எழுதினது தப்பு. அந்த மெஷினைப் பாத்ததும்தான் புரிஞ்சுது. வீட்ல சுனிதா காலைலேர்ந்து என் முகத்தையே பாக்கல."

பெர்னதெத் ஊசியைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"என் மரத்துக்கும் ஒண்ணு போட்டுடுங்க மேடம். இந்தப் பக்கத்து ஆளும் உங்க கூட இருக்கான்னு அவங்களுக்கும் சொல்ப, கொஞ்சமாவது, தெரியட்டும்." அப்போதுதான் பெர்னதெத்தின் தோளில் கிடந்த ஸ்வெட்டரைக் கவனித்தார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன. "எனக்காகவா எடுத்துட்டு வந்தீங்க?"

7

முடிவு ஒன்று: பெர்னதெத் உண்மையைச் சொல்கிறார். இருவரும் மெஷினுக்குக் குறுக்கே நிற்கிறார்கள், தெரு திரள்கிறது, மரங்கள் பிழைக்கின்றன. எழுதிப் பார்த்தேன், அருமையாக வந்தது, பரிசுகூடக் கிடைக்கும். அந்தத் தெருவில் நான் யாரும் திரண்டு பார்த்ததில்லை, குப்பை வண்டிக்குத் தவிர.

முடிவு இரண்டு: "ஆமா சார், உங்களுக்காகத்தான்," என்று சொல்லித் தைக்கிறார். சாயங்காலம் பெஞ்சில் நிழல் இருக்கிறது. எதிரே பார்க்காமல் உட்கார அவர் பழகிக்கொள்ள வேண்டும்.

முடிவு மூன்று: உண்மையைச் சொல்கிறார். பத்ரிநாத் தெருக்கோடியைப் பார்க்கிறார். "அப்போ தெருக்கோடி மரத்துக்குக் கட்டிடலாமா மேடம்? அங்க மரகதத்தோட இஸ்திரி வண்டிதானே நிக்குது, நகத்திக்குவாங்க." பெரிய பகை ஒன்று அங்கேயே தீர்கிறது. இதை எழுதி முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் மூன்றில் இதைத்தான் எந்தச் சிரமமும் இல்லாமல் நம்ப முடிந்தது.

எதையும் வைத்துக்கொள்ளவில்லை. பெர்னதெத்துக்கு எந்தப் பதில் வாயில் வருகிறது என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: மரத்தில் ஸ்வெட்டர் தைக்க, மறுபக்கத்தை யாராவது இழுத்துப் பிடிக்க வேண்டும். பத்ரிநாத் பதிலுக்குக் காத்திருக்காமல் அதை வாங்கி மரத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். "ம், தைங்க மேடம்," என்கிறார். தெருமுனையில் கணேசமூர்த்தியின் ஆட்கள் கை கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

ஊசி பெர்னதெத்தின் கையில் இருக்கிறது. நான் இங்கே இறங்கிக்கொள்கிறேன். நீங்கள் அவர் பக்கத்தில் நின்று என்ன சொல்வது என்று யோசியுங்கள், ஆனால் சீக்கிரம். பத்ரிநாத் வயசான மனுஷர், கை வலிக்கும்.