விருந்துக்கு வந்த குளம்

மேல்கோட்டை மலையைச் சுற்றும் பாதையில் மூன்றாவதாக இருந்த குளம், 1924-ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு காலையில் எழுந்து செலுவம்பாவின் வீட்டுக்கு விருந்துக்கு வந்தது. புளி விலை ஏறியதும் அந்த மாதத்தில்தான். ஊரில் புளியைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். குளம் ஏன் வந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. செலுவம்பா கூப்பிட்டிருப்பாள்.

அவள் சுபாவம் அப்படி. ஏகாதசி தோறும் மலையைச் சுற்றுவாள். ஹொய்சள ராஜா காலத்தில் யாரோ கட்ட ஆரம்பித்து, கூரை போட மறந்துபோன கல்மண்டபத்தில் தொடங்கி, இரண்டு குளங்களைக் கடந்து, சந்தனமும் முள்ளும் அடர்ந்த காட்டுக்குள் நுழைந்து, மூன்றாவது குளத்தில் கால் நனைத்து, அங்கே வலப்பக்கம் திரும்பினால் மறுபடி மண்டபம். வழியில் யாரைப் பார்த்தாலும், விடைபெறும்போது "ஒரு நாள் ஆத்துக்கு வாங்கோ" என்று சொல்லாமல் அவளுக்கு நகரத் தெரியாது. எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். சொல்பவர்கள் எதிர்பார்ப்பதில்லை, கேட்பவர்கள் வருவதுமில்லை. காட்டில் தனியாகக் கிடந்த குளத்துக்கு இந்த நுணுக்கமெல்லாம் எப்படித் தெரியும்?

வந்த குளம் முற்றத்தில் உட்கார்ந்தது. கூடவே தாமரை, தவளை, ஒரு கொக்கு, தண்ணீருக்குள் படுத்திருந்த எருமை, மாடு மேய்க்கும் சித்தையனுடையது. செலுவம்பாவின் கணவர் ஆழ்வார், பாடசாலையில் சாஸ்திரம் சொல்லிக்கொடுப்பவர். எதற்கும் ஆதாரம் கேட்பவர். "கண்டவாளையும் கூப்பிடாதேன்னு தலைப்பாடா அடிச்சுண்டேனே. இதுக்கு என்னடி தளிகை பண்றது?" என்றார்.

"மெதுவாப் பேசுங்கோ. காதுல விழப்போறது. வந்தவாளைப் போங்கோன்னா சொல்ல முடியும்?" என்று செலுவம்பா இலை போட்டாள். மீன்கள் சாப்பிட்டன.

அவளுடைய கவலை வேறு. ஒரே பெண் ஜயம்மாவுக்குப் பங்குனியில் கல்யாணம். மாப்பிள்ளை கேசவமூர்த்தி தங்கமான பிள்ளை. அவன் அம்மா குமுதவல்லியோ, மூத்த மாட்டுப்பெண்ணைக் கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூடப் பிறந்தகத்துக்கு அனுப்பாதவள். ஆழ்வார் வாக்குக் கொடுத்துவிட்டார். இனி பெண்ணை எப்போது பார்ப்போம் என்றே செலுவம்பா நினைத்துக்கொண்டிருந்தாள்.

மைசூர் அக்ரஹாரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். காப்பி வெறும் தண்ணீர் என்றாள் குமுதவல்லி, சாத்தமுதில் மிளகு போதாது என்றாள், நாதஸ்வரக்காரர் தூங்குகிறார் என்றாள். கிணறெல்லாம் வற்றிய கோடையில் அத்தனை பேருக்கும் முற்றத்திலேயே குளித்துத் தீராத தண்ணீர் இருந்ததைக் குறை சொல்ல மட்டும் அவளால் முடியவில்லை. கல்யாணம் முடிந்து கிளம்பும்போது பெண் வீட்டார் ஒவ்வொருவரிடமும் விடைபெற்றவள், அதே வேகத்தில் குளத்திடமும் சொல்லிவிட்டாள்: "மைசூர் பக்கம் வந்தா எங்காத்துக்கும் வாங்கோ."

செலுவம்பா கையை நீட்டித் தடுப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது. முன்னால் மாட்டுவண்டிகள், அதில் அழுதுகொண்டே ஜயம்மா, பின்னால் குளம். எருமை மட்டும் வெளியூர் வேண்டாம் என்று இறங்கிக்கொண்டது.

அதற்கப்புறம் மலையைச் சுற்றப் போனவர்கள், திரும்ப வேண்டிய இடத்தில் குளம் இல்லாததால் நேராக நடந்து, பல மைல் தள்ளி பிரெஞ்ச் ராக்ஸ் என்ற ஊரின் ரயிலடிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆடி வந்தது, ஜயம்மாவை அனுப்பவில்லை. தலைதீபாவளிக்கும் அனுப்பவில்லை. செலுவம்பா பலகாரத்தைச் செய்துவைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்து அழுதாள். ரயிலடியிலிருந்து திரும்பி வந்தே களைத்துப்போன ஊர்ப் பெரியவர்கள் கடைசியில் குளத்தை அழைத்துவர அவளையும் ஆழ்வாரையும் மைசூருக்கு அனுப்பினார்கள்.

அங்கே குமுதவல்லி பாதியாக இளைத்திருந்தாள். கொசு, பெருமாள் சேவிக்கும் நேரத்தில் தவளைக் கச்சேரி, குளிக்க வரும் பக்கத்து வீடுகள். செலுவம்பாவைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், "எப்போ கிளம்பறேள்னு அதைக் கேக்கவும் முடியலையே, சம்பந்தி!" என்றாள்.

பெண்ணை ஏற இறங்கப் பார்த்துக்கொண்டிருந்த செலுவம்பாவுக்கு வார்த்தை தானாக வந்தது. "நீங்க யாரும் கொண்டு விடலையே, எப்படிக் கிளம்பும்? வந்தவாளை நீர்க்கரை வரைக்கும் கொண்டு விடறதுதானே வழக்கம்? ஆத்து மாட்டுப்பெண்தான் போகணும்."

"அவ்வளவுதானே? ஜயம்மா காவேரி வரைக்கும் போயிட்டு வரட்டும்."

"காவேரிக் கரை மனுஷாளுக்கு. குளத்துக்கு அதோட கரைதானே கரை?"

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்த ஆழ்வாரைப் பார்த்தார்கள். இப்படி ஒரு விதியை அவர் எந்த ஏட்டிலும் கண்டதில்லை. சமையலறை வாசலில் நின்ற ஜயம்மாவைப் பார்த்தார். "சரிதான்" என்றார். ஆதாரம் காட்டாமல் அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே தீர்ப்பு அது.

ஜயம்மா மூட்டையைத் தூக்கியதும் குளம் எழுந்துகொண்டது. காவேரியைத் தாண்டி, காட்டுக்குள் நுழைந்து, தன் பள்ளத்தில் இறங்கிப் பெருமூச்சு விட்டது. களைப்பாறிப் போகட்டும் என்று செலுவம்பா பெண்ணைத் தை மாதம் வரை வைத்துக்கொண்டாள். பெண்ணைத் திருப்பி அனுப்பிய மறுநாளே மலையைச் சுற்றப் போனாள். குளத்தில் கால் நனைத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "எங்க சம்பந்தி உங்களை ரொம்ப விசாரிச்சா. அவசியம் ஒரு நடை போயிட்டு வாங்கோ" என்றாள்.

அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை குளம் மைசூருக்குப் போகிறது, ஜயம்மா கொண்டுவிட வருகிறாள். குளம் ஊரில் இல்லாத நாட்களில் பள்ளத்தின் ஓரத்தில் சித்தையனின் எருமையைக் கட்டிவைப்பார்கள். சுற்ற வருபவர்கள் அதைப் பார்த்ததும் வலப்பக்கம் திரும்பிவிடுவார்கள்.